வராத வருமானத்துக்கு வரி

ஓசூர் மூக்கண்டபள்ளிப் பக்கம் இருந்த எங்கள் ஷெட்டைக் காலி செய்த அன்று, சுவர் ஆணியில் தொங்கிய பில் கம்பியைக் கழற்றி எடுத்தேன். அதில் குத்தியிருந்ததெல்லாம் வருமான வரி சலானின் அடிக்கட்டைகள். முகத்தருகே கொண்டுபோனால் கூலன்ட் வாசனை அடித்தது. லேத் பட்டறையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். எண்ணெயும் சோப்புத் தண்ணியும் சூடான இரும்பும் கலந்தது. துணியில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது. ஒவ்வொரு சீட்டிலும் என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் வங்கியின் முத்திரை, ஏழு இலக்க பி.எஸ்.ஆர். எண், தேதி, வரிசை எண்.

செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று வருஷத்துக்கு மூன்று சீட்டுகள். ஒரு வருஷத்தில் மட்டும் செப்டம்பர் சீட்டு ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டும் தொலைந்துபோகவில்லை. அந்த இரண்டு தவணையும் நாங்கள் கட்டவே இல்லை.

அவர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலையில் இருந்தார். மாதச் சம்பளம், கேன்டீன் சாப்பாடு, யூனிஃபார்ம், வீட்டு வாசலுக்கு வரும் கம்பெனி பஸ். அதையெல்லாம் விட்டுவிட்டு, பெங்களூர் பீன்யாவிலிருந்து ஒரு பழைய லேத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் ஓசூரில் இப்படிக் கிளம்பியவர்கள் நிறையப் பேர். 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றில் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து, பெரிய கம்பெனிகளுக்குப் புஷ், பின், ஸ்பேசர் என்று சின்னச் சின்னப் பாகங்கள் செய்துகொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வரிசையில் பக்கத்து ஷெட்காரர் தெலுங்கு பேசுவார், எதிர் ஷெட்காரர் கன்னடம் பேசுவார், வேலைக்கு வரும் பையன்கள் கெலமங்கலத்திலிருந்தும் அத்திப்பள்ளியிலிருந்தும் வருவார்கள். டெலிவரி சலானை எல்லோரும் '57எஃப் 4' என்றுதான் சொல்வார்கள். அந்த எக்சைஸ் விதி மாறிப் பல வருஷம் ஆன பிறகும் பேர் மட்டும் மாறவில்லை.

சம்பளத்தில் இருந்தவரை வரி என்பது அவர் கண்ணில் படாத ஒன்று. கம்பெனியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடும். சொந்தத் தொழில் என்று வந்ததும் அது எங்கள் கைக்கு வந்தது. இந்த வருஷம் எவ்வளவு சம்பாதிப்போம் என்று வருஷம் முடிவதற்குள் நாமே கணித்து, அதற்கான வரியைத் தவணையாகக் கட்ட வேண்டும். 1944இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த ஏற்பாடு இது. ஓசூரில் எல்லோருக்கும் அது அட்வான்ஸ் டாக்ஸ். எங்களைப் போன்ற தனிநபர்களுக்கு அப்போது மூன்று தவணை: செப்டம்பருக்குள் 30 சதவீதம், டிசம்பருக்குள் 60, மார்ச்சுக்குள் முழுவதும்.

கணக்கு என் பொறுப்பு. நான் கிருஷ்ணகிரியில் பி.காம். முடித்துவிட்டு வாக்கப்பட்டு வந்தவள். ஷெட்டின் மூலையில் ஒரு மேசை, அதன்மேல் இரும்புத்தூள் படியாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரிப்பு, பில் புக், டே புக். தவணை நாளன்று வங்கிக்குப் போவதும் நான்தான். 15ஆம் தேதி என்றால் கவுன்டரில் பாதி சிப்காட்டும் நிற்கும். 280ஆம் எண் சலான், அட்வான்ஸ் டாக்ஸுக்கு 100 என்ற கட்டத்தில் டிக், மதிப்பீட்டு ஆண்டு எழுதும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு தடுமாற்றம். சம்பாதிக்கும் ஆண்டு ஒன்று, மதிப்பீட்டு ஆண்டு அதற்கு அடுத்தது. "அக்கா, எந்த வருஷம் போடணும்?" என்று முன்னாலும் பின்னாலும் கேட்பார்கள். கவுன்டர் மூடும்வரை பலருக்கு நான் சலான் எழுதிக்கொடுத்தது உண்டு.

2008 செப்டம்பர் 15 திங்கட்கிழமை. அன்றும் வரிசையில் நின்று 22,500 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். நல்ல வருஷம். கழிவெல்லாம் போக ஆறு லட்சம் வருமானம் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அதற்கு வரி, செஸ் சேர்த்து 87,550. ஜாப் ஒர்க் பில்லில் கம்பெனிகள் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.டி.எஸ். 12,550 போனால் மீதி 75,000. அதில் 30 சதவீதம்தான் அந்த 22,500. அதே நாளில்தான் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டது. வங்கி வரிசையில் எங்கள் யாருக்கும் அந்தப் பெயரே தெரியாது. மறுநாள் பேப்பரில் படித்தபோதும் அது மூக்கண்டபள்ளி வரை வரும் என்று நினைக்கவில்லை.

தீபாவளிக்கு முன்பே கம்பெனி அனுப்பும் ஆர்டர் ஷெட்யூல் குறைந்தது. மாதா மாதம் வரும் அந்தத் தாளில் பாகத்தின் எண்ணுக்கு நேரே இருக்கும் எண்ணிக்கை பாதியானது. பிறகு கால் ஆனது. நவம்பர் கடைசியில் வந்த தாளில் அந்த இடம் காலியாக இருந்தது. லாரி வாங்க ஆளில்லை. பெரிய தொழிற்சாலைகளே வாரத்தில் சில நாள் மட்டும் ஓடின. அதற்குமேல் மின்வெட்டு வேறு. ஓடாத லேத்தின் மேல் பையன்கள் எண்ணெய் தடவி வைத்தார்கள். பேருக்கு ஒரு வேலை வேண்டுமே என்று தரையைக் கூட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்படி ஒரு நிலைமையில் டிசம்பர் 15 நெருங்கியது. இன்னொரு 22,500 கட்ட வேண்டும். மூன்று பையன்களின் ஒன்றரை மாதச் சம்பளம் அது. அவர் என்னிடம் சங்கிலியைக் கேட்டார்.

"அடகு வச்சிக் கட்டிடலாம். மார்ச்சுல மீட்டுக்கலாம்."

"வருமானமே இல்லாதப்ப எதுக்குங்க வரி?"

"செப்டம்பர்ல கட்டினோம்ல. டிசம்பர்ல கட்டலைன்னா ஏதோ மறைக்கிறோம்னு நினைப்பாங்க. நம்ம பேருல ஒரு கறுப்புப் புள்ளி வரக்கூடாது."

அவர் அப்படித்தான். வாங்கின பொருளுக்குப் பில், கொடுத்த சம்பளத்துக்கு வவுச்சர், எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த நேர்மைதான் அவரை அடகுக் கடைக்குத் தள்ளப் பார்த்தது. இது எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் இருந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன்.

ஆடிட்டர் வயசானவர். வெற்றிலை போடுவார், நிதானமாகப் பேசுவார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு பழைய ரிட்டர்ன் தாளைத் திருப்பி வைத்தார்.

"அம்மா, நவம்பர் 30 வரைக்கும் போட்ட பில் எல்லாத்தையும் கூட்டுங்க. செலவைக் கழிங்க. இனி நாலு மாசத்துக்கு என்ன வரும்னு மனசறிஞ்சு சொல்லுங்க. ஆசைப்பட்டும் சொல்ல வேண்டாம், பயந்தும் சொல்ல வேண்டாம்."

கூட்டினோம், கழித்தோம். இயந்திரத்தின் தேய்மானம், எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாம் போக, வருஷம் முழுவதற்கும் மூன்று லட்சம்தான் தேறியது. அந்த வருஷம் முதல் ஒன்றரை லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த ஒன்றரை லட்சத்துக்குப் பத்து சதவீதம். செஸ்ஸோடு 15,450. டி.டி.எஸ்.ஸும் குறைந்து 8,000தான் வரும். ஆக, வருஷம் முழுவதற்கும் நாங்கள் கட்ட வேண்டியதே 7,450. கட்டியிருந்ததோ 22,500.

"இந்தத் தவணை பூஜ்யம். மார்ச்சும் பூஜ்யம். ரிட்டர்ன் போட்டா 15,050 உங்களுக்குத் திரும்ப வரணும்" என்றார்.

"யாருக்காவது எழுதிக் கொடுக்கணுமா சார்?"

"வேண்டாம். மதிப்பீடு உங்களோடது. ஒரு தவணை கட்டின பிறகு வருமானம் குறைஞ்சா மீதித் தவணையைக் குறைச்சுக்கலாம், கூடினா கூட்டிக்கணும். 210ஆம் பிரிவுலயே இருக்கு. 1988க்கு முன்னாடி இதுக்கெல்லாம் படிவம் தாக்கல் பண்ணணும். இப்ப, அதிகாரியே இவ்வளவு கட்டுன்னு உத்தரவு போட்டிருந்தாத்தான் 28ஏ படிவம். உங்களுக்கு அப்படி ஒண்ணும் வரலையே."

வட்டியைப் பற்றியும் கேட்டேன். தவணை குறைந்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி என்பது எனக்குத் தெரியும். அதையும் அவர் விளக்கினார். அந்த வட்டியைக் கணக்கிடுவது செப்டம்பரில் நாம் நினைத்திருந்த வருமானத்தின் மேல் அல்ல. வருஷம் முடிந்து ரிட்டர்னில் காட்டும் வருமானத்தின் மேல். அந்த வருமானமே குறைந்துவிட்டால், அதற்கான 60 சதவீதமும் குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே கட்டியது அதைவிட அதிகமாக இருந்தால் வட்டி என்ற பேச்சே இல்லை.

இந்த ஒரு விஷயத்தை நான் அதன்பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வரி கட்டுவதில் நாணயமாக இருப்பது வேறு, வராத வருமானத்துக்குக் கடன் வாங்கி வரி கட்டுவது வேறு. இரண்டாவதைச் சட்டம் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பணம் பையன்களுக்குப் போக வேண்டிய பணம். அந்த டிசம்பரில் நாங்கள் மூன்று பேரையும் நிறுத்தவில்லை. அவர்களில் ஒருவர் இன்று பேரிகை ரோட்டில் சொந்தமாக இரண்டு மெஷின் வைத்திருக்கிறார்.

ரீஃபண்ட் உடனே வரவில்லை. ரிட்டர்னைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். கடைசியில் தபாலில் காசோலையாக வந்தது, மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு. அவர் அந்தக் காசோலையை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அரசாங்கம் எங்களுக்கு வட்டி கொடுக்கும் என்பதை அவர் அதுவரை நம்பவில்லை.

கொஞ்ச காலத்தில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் மையம் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். சில்க் போர்டு போகும் பஸ்ஸில் ஏறினால் ஓசூர் ரோட்டிலேயே வந்துவிடும். ஆனால் கையெழுத்திட்ட ஒப்புகைத் தாளை அப்போது தபாலில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே ஓசூர் தபால் நிலையத்தில் கவரைப் போட்டுவிட்டு, அதே ரோட்டில் பொருள் வாங்கப் பெங்களூர் போய் வருவோம்.

சலான் வரிசையும் மெல்ல மறைந்தது. 2016-17லிருந்து எங்களுக்கும் நாலு தவணை ஆனது: ஜூனில் 15 சதவீதம், செப்டம்பரில் 45, டிசம்பரில் 75, மார்ச்சில் நூறு. லாபத்தைத் தனியாகக் கணக்குப் போடாமல், விற்றுமுதலில் எட்டு சதவீதம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு ஆறு சதவீதம் என்று காட்டும் 44ஏடி திட்டத்தில் இருந்த சிறு தொழில்காரர்களுக்கு மார்ச் 15 ஒரே தவணை. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. வருஷம் கிட்டத்தட்ட முடிந்த பிறகு கணிப்பதால், நடுவில் வேலை நின்றாலும் பாதிப்பு இல்லை. ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அந்தத் திட்டத்தில் லாபத்தைக் கணிப்பதே விற்றுமுதலை வைத்துத்தான். நஷ்டம் என்று சொல்ல இடமில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமானால் கணக்குப் புத்தகம் வேண்டும், சிலருக்கு ஆடிட்டும் வேண்டும்.

எங்கள் 2008 கதைக்கு நேர்மாறான கதையும் எங்கள் வரிசையிலேயே நடந்தது. கிரைண்டிங் ஷெட் வைத்திருந்த ஒரு அண்ணன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இரவும் பகலும் வேலை. பிறகு அவருடைய கம்பெனி அந்தப் பாகத்தையே வேறு டிசைனுக்கு மாற்றிவிட்டது. வேலை ஒரே நாளில் நின்றது. "எனக்குத்தான் வருமானமே இல்லையே தங்கச்சி, இனி எதுக்கு அட்வான்ஸ் டாக்ஸ்?" என்று டிசம்பரில் கேட்டார். உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். அடுத்த ஆறு மாதம் ஒரு பைசா வராவிட்டாலும், முதல் ஆறு மாதத்து வருமானமே வரிக்கு உட்பட்டது. அந்தப் பணத்தை அவர் வீட்டு மாடி கட்டுவதில் போட்டுவிட்டார். மார்ச்சிலும் கட்ட முடியவில்லை. கட்ட வேண்டியதில் 90 சதவீதமாவது வருஷத்துக்குள் கட்டாவிட்டால் ஏப்ரலிலிருந்து இன்னொரு வட்டி மாதத்துக்கு ஒரு சதவீதம் ஓடத் தொடங்கும். அப்போது அதை 234பி என்பார்கள். கட்டி முடிக்க அவருக்கு வெகுநாள் ஆனது. நல்ல மனுஷன், யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்ல. வருமானம் நின்ற நாளும் வரி நிற்கும் நாளும் ஒன்று என்று நினைத்துவிட்டார்.

இன்னொரு வேதனை, பில் போட்டும் பணம் வராதது. எங்களைப் போலப் பில் போட்ட தேதியில் வருமானமாக எழுதும் முறையில் கணக்கு வைத்திருந்தால், பணம் கைக்கு வராவிட்டாலும் வரி வந்துவிடும். வேலை நின்ற மாதங்களில்தான் பழைய பாக்கியும் இழுக்கும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்தது. அப்படிக் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதி வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்தபோது 2023 ஆகிவிட்டது. அந்தப் பதினேழு வருஷமும் நாங்கள் போன் போட்டுக் கெஞ்சிய வருஷங்கள்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். எந்த பில்லுக்குப் பணம் வந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கு இன்னொரு சேமிப்புக் கணக்குக்குப் போகும். அந்தப் பாஸ்புக்கை அவர் கையில் கொடுக்க மாட்டேன். 2019இல் லாரித் தொழில் மறுபடி படுத்தபோதும், அடுத்த மார்ச்சில் கொரோனாவால் ஊரே அடைபட்டபோதும் அந்தப் பாஸ்புக்தான் எங்களைத் தாங்கியது. 2020 ஜூன் 15 தவணைத் தேதியைத் தள்ளி வைக்கவில்லை. ஆனால் ஏப்ரலும் மே மாதமும் ஷெட் திறக்காதவனுக்கு அந்த ஜூனில் எதைக் கணிப்பது? வரிசையில் இருந்த பலர் போனில் கேட்டார்கள். தெரியும்வரை கட்டாதீர்கள், செப்டம்பரில் வேலை வந்தால் அப்போது சேர்த்துக் கட்டுங்கள், நடுவில் வட்டி வந்தாலும் கந்து வட்டியைவிடக் குறைவு என்று சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஷெட்டை 2024இல் மூடினோம். அவருக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை; பையன் சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டான். ஆகஸ்ட்டோடு பில் நின்றது. அந்த வருஷம் வரி இருக்காது என்று அவர் நிம்மதியாக இருந்தார். ஆனால் இரண்டு லேத்தும் மில்லிங் மெஷினும் விற்ற பணம் இருந்தது. வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக் கழித்துப் புத்தகத்தில் அவற்றின் மதிப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. விற்ற விலையில் அந்த மதிப்புக்கு மேல் கிடைத்ததெல்லாம் குறுகிய கால மூலதன ஆதாயம், எத்தனை வருஷம் வைத்திருந்த மெஷினாக இருந்தாலும். தொழிலை மூடுகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. டிசம்பர் தவணையில் அதையும் சேர்த்துத்தான் கட்டினோம். அடுத்த ஏப்ரலிலிருந்து அவருக்கு அட்வான்ஸ் டாக்ஸே இல்லை. அறுபது தாண்டியவர், தொழில் வருமானம் கிடையாது. வங்கி வட்டிக்கு வரி வந்தாலும் ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும்.

2025 டிசம்பரில் பேரிகை ரோட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தார். எங்கள் ஷெட்டில் தரை கூட்டிய அதே பையன்தான். அவர் பாகம் செய்துகொடுக்கும் கம்பெனி அமெரிக்காவுக்கு வால்வு அனுப்புவது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றதும் ஆர்டர் நின்றது. வருஷத்துக்கு 16 லட்சம் வரும் என்று நினைத்து, ஜூனிலும் செப்டம்பரிலும் சேர்த்து 56,000க்கு மேல் கட்டியிருந்தார். 15ஆம் தேதி அடுத்த தவணை.

"அப்பா கட்டிடுன்னு சொல்றாரு அக்கா. லோன் போடலாமான்னு பார்க்கிறேன்."

பில் புக்கை வாங்கி நவம்பர் 30 வரை கூட்டினேன். நாலு மாதத்துக்கு என்ன வரும் என்று கேட்டேன். ஒரு உள்ளூர் கம்பெனியில் கொஞ்சம் வேலை பேசியிருப்பதாகச் சொன்னார். அதையும் சேர்த்தும் 11 லட்சத்தைத் தாண்டவில்லை. 2025-26இல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. கட்டியது முழுவதும் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம்.

தம்பி சந்தேகமாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அக்கா சொல்றதைக் கேளு. லோன் எல்லாம் போடாதே. உள்ளூர் வேலைக்கு டூல் வாங்கு. பிப்ரவரி கடைசியில பில் புக்கை எடுத்துக்கிட்டு மறுபடி வா. 12 தாண்டுச்சுன்னா மார்ச்சுல கட்டிக்கலாம்."